சின்தசைசரில் ஒரு கட்டை மட்டும் மக்கர் செய்தால்: துடைப்பதா, கார்பன் பூசுவதா, ரப்பரை மாற்றுவதா?

61 கட்டைகளில் 60 ஒழுங்காக ஒலிக்கும். நடுஸ்தாயியில் ஒன்றே ஒன்று மட்டும் அமுக்கினால் ஊமையாக இருக்கும், அல்லது தொட்டதும் அலறும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு பாட்டுகூட உருப்படியாக வாசிக்க முடியாது. விசாரித்தால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். ஸ்பிரிட்டில் துடைத்தால் போதும் என்பார் ஒருவர், பென்சில் கரியைத் தேய்க்கச் சொல்வார் இன்னொருவர். ரப்பர் போய்விட்டது, போர்டு போய்விட்டது, வேறு வாங்கிக்கொள்ளுங்கள் என்று பேச்சு நீளும்.

இவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பழுதுக்குச் சரியான வழிதான். எந்தப் பழுது என்று தெரியாமல் வழியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பணமும் நேரமும் வீணாகின்றன. இந்த வேலையில் ரப்பரும் டயோடும் (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சிறு பாகம்) சில்லறைச் செலவு. பெரிய செலவு, கீபோர்டைத் திறந்து மூடுவது. இருபது முப்பது ஸ்குரூ, மெல்லிய ரிப்பன் கேபிள்கள், வரிசையாகக் கழற்றி வரிசையாக மாட்ட வேண்டிய கட்டைகள் என்று புதிதாகச் செய்பவருக்கு அரை நாள் போய்விடும். அடிக்கடி திறந்தால் பிளாஸ்டிக்கில் இருக்கும் ஸ்குரூ துளைகள் தளர்ந்துவிடும். அதனால் திறப்பதற்கு முன்பே பாதி முடிவை எடுத்துவிட வேண்டும். மீதிப் பாதியைத் திறந்த அன்றே முடிக்க வேண்டும்.

கட்டைக்கு அடியில்

இன்றைய சின்தசைசர்களிலும், தாளமும் பின்னணியும் தானே வாசிக்கும் அரேஞ்சர் கீபோர்டுகளிலும் பெரும்பாலானவை ஒரே அமைப்பில் இயங்குகின்றன. கட்டைகளுக்கு அடியில் சிலிகான் ரப்பர் பட்டை நீளமாக ஓடும். அதில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு குமிழ். குமிழின் உட்புறம் இரண்டு கறுப்புப் பொட்டுகள் இருக்கும். அவை மின்சாரம் கடத்தும் கார்பன் கலந்த ரப்பர். கீழே போர்டில், ஒவ்வொரு பொட்டுக்கும் நேராக, சீப்புப் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்தாற்போல கார்பன் தடங்கள் அச்சாகியிருக்கும். கட்டையை அமுக்கும்போது குமிழ் மடங்கி, முதலில் ஒரு பொட்டும் ஒரு கணம் கழித்து மற்றதும் போர்டைத் தொடும்.

கட்டையை எவ்வளவு பலமாக அடித்தீர்கள் என்பதை அளக்க இதில் எந்தக் கருவியும் இல்லை. முதல் பொட்டு தொட்டதற்கும் இரண்டாவது தொட்டதற்கும் இடையிலான நேரத்தை மட்டும் எண்ணுகிறார்கள். நேரம் குறைந்தால் பலமான அடி, கூடினால் மெல்லிய தொடுதல். அதை 1 முதல் 127 வரையிலான வெலாசிட்டி எண்ணாக மாற்றி ஒலியை எழுப்புகிறார்கள். ஒலி பிறப்பது இரண்டாம் பொட்டு தொட்ட பிறகு.

இதைப் பிடித்துக்கொண்டால் பழுதின் குணத்திலிருந்தே இடத்தைச் சொல்லிவிடலாம்.

மெதுவாகத் தொட்டாலும் ஒலி முழுப் பலத்தில் அலறினால் முதல் பொட்டில் கோளாறு. அழுக்கால் அது தாமதமாகத் தொடுகிறது. இரண்டும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் தொடுவதால், மின்னல் வேகத்தில் அடித்ததாகக் கருவி எண்ணிக்கொள்கிறது. பலமாக அமுக்கியும் சத்தம் மெலிந்து வந்தால், அல்லது அடிவரை அழுத்திப் பிடித்தால்தான் ஒலித்தால், இரண்டாம் பொட்டைச் சந்தேகிக்கலாம். அறவே ஒலிக்காவிட்டால் பெரும்பாலும் இரண்டாம் பொட்டு. சில மாடல்கள் முதல் பொட்டு தொடாவிட்டாலும் வாய் திறக்காது. டயோடு போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. கையை எடுத்த பிறகும் ஒலி நிற்காமல் ஓடினால், முதல் பொட்டு போர்டை விட்டு விலகவில்லை: ஏதோ சிந்தியிருக்கிறது, ரப்பர் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது, அல்லது கட்டையே முழுதாக மேலே வரவில்லை.

ஒரே சீரான இடைவெளியில் பல கட்டைகள், உதாரணமாக ஒவ்வொரு எட்டாவது கட்டையும், ஊமையானால் ரப்பரைத் தொடவே வேண்டாம். அடுத்தடுத்து ஒரு கொத்தாகக் கட்டைகள் போனாலும் அப்படித்தான். பொட்டுக்கு ஒரு கம்பி என்று இழுத்தால் நூற்றுக்கு மேல் கம்பி வேண்டும் என்பதால், கட்டைகளைக் கட்டம் கட்டமாகப் பிரித்துச் சில கம்பிகளிலேயே மாறி மாறிப் படிக்கிறார்கள். அப்படி ஒரு கம்பி அறுந்தாலோ கனெக்டரில் தளர்ந்தாலோ அதைச் சேர்ந்த கட்டைகள் மொத்தமாகப் போகும். அங்கே பார்க்க வேண்டியது ரிப்பன் கேபிளை.

திறக்கும் முன் பத்து நிமிடம்

முதலில் செட்டிங்கைப் பாருங்கள். ஸ்பிளிட், லேயர், கட்டை வரம்பு ஆகியவற்றை மாற்றி வைத்துவிட்டு மறந்திருந்தால் நல்ல கட்டையும் ஊமையாகத் தெரியும். வேறு இரண்டு மூன்று டோன் போட்டுப் பாருங்கள். ஒரு டோனில் மட்டும் ஒலிக்கவில்லை என்றால் பழுது கட்டையில் இல்லை.

அடுத்து, யூஎஸ்பி அல்லது மிடி கேபிளால் கணினியில் இணைத்து, மிடி தகவலை (எந்தக் கட்டை, எவ்வளவு பலம் என்று கருவி கணினிக்கு அனுப்புவது) எண்களாகக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். விண்டோஸில் மிடி-ஆக்ஸ் நெடுங்காலமாகப் புழங்குகிறது. நடு சி 60 என்று வரும். 61 கட்டை கீபோர்டில் இடது ஓரம் 36, வலது ஓரம் 96. பழுதான கட்டையை மெல்ல, நடுத்தரமாக, பலமாக என்று பத்துப் பத்து முறை வாசியுங்கள். பக்கத்துக் கட்டையிலும் அதையே செய்து வெலாசிட்டி எண்களை எழுதி வையுங்கள். பக்கத்தில் 35, 70, 110 என்று ஏறும்போது இதில் எப்போதும் 127 வந்தால் முதல் பொட்டு. ஒருமுறை 20, ஒருமுறை 90, இரண்டுமுறை ஒன்றுமே இல்லை என்று அலைந்தால் அழுக்கு. துடைத்தால் தீரும் வாய்ப்பு அதற்குத்தான் அதிகம்.

இந்தக் காகிதத்தைத் தூக்கிப் போட வேண்டாம். பழுது நீங்கியதா என்று வேலை முடிந்த பிறகு ஒப்பிட்டுப் பார்க்க இது ஒன்றுதான் நம்பகமான சாட்சி. காது சீக்கிரம் சமாதானமாகிவிடும்.

நாளைக்கே கச்சேரி என்றால்

திறக்காதீர்கள். முந்தைய இரவு திறந்து, அவசரத்தில் ஒரு ரிப்பன் கேபிளைக் கிழித்துவிட்டால் மொத்தமும் போய்விடும். அலறும் கட்டைக்கு எளிய மாற்று ஒன்று இருக்கிறது. டச் ரெஸ்பான்ஸை ஆஃப் செய்துவிடுங்கள். எல்லாக் கட்டைகளும் ஒரே பலத்தில் ஒலிக்கும், அலறல் அடங்கும். ஆர்கன், ஸ்டிரிங்ஸ் வாசிப்பவர்களுக்குப் பெரிய இழப்பு இல்லை. பியானோ டோனுக்கு உயிர் போய்விடும்.

ஊமைக் கட்டைக்கு இது உதவாது. அதற்கு டிரான்ஸ்போஸ், அதாவது எல்லாக் கட்டைகளின் ஸ்ருதியையும் ஒருசேர ஏற்றி இறக்கும் வசதி. பாட்டின் ஸ்ருதி நாலு கட்டை (எஃப்), ஊமையானதும் அதே எஃப் என்று வைத்துக்கொள்வோம். ஸட்ஜமே இல்லாமல் எப்படி வாசிப்பது? டிரான்ஸ்போஸை -1 வைத்து, விரலை நாலரைக் கட்டைக்கு நகர்த்திவிட்டால் எஃப் ஷார்ப் உங்கள் ஸட்ஜமாகிவிடும், காதில் விழுவது எஃப்தான். ஆனால் காகலி நிஷாதம் வரும் ராகமானால் அது அந்த ஊமைக் கட்டையிலேயே வந்து விழும். பாட்டில் வராத ஸ்வரத்தின் மேல் ஊமைக் கட்டை விழும்படி கணக்குப் பார்த்து நகர்த்துங்கள். ஆக்டேவ் பட்டனால் வேறு ஸ்தாயிக்குத் தாவுவதும் ஒரு வழி. இதெல்லாம் ஒரு ராத்திரிக்கான ஏற்பாடு.

முதல் வழி: துடைப்பது

ஒற்றைக் கட்டைப் பழுதில் முதலில் செய்ய வேண்டியது இது. பணச் செலவு அற்பம், செய்து கெட்டுப்போக வாய்ப்பும் குறைவு. கட்டைகளின் இடுக்கு வழியாகத் தூசி இறங்கும், நூலிழை இறங்கும், எறும்பு குடிபோகும், பல்லி எச்சமிடும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அந்த இடுக்கு வழியாகத்தான் உள்ளே போகின்றன. ரப்பருக்கும் போர்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை சிக்கினால் போதும், பொட்டு தொடாது.

தேவையானவை: சரியான அளவு ஸ்டார் ஸ்குரூடிரைவர், 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பஞ்சு உதிராத பட்ஸ், மென்மையான பிரஷ், ஸ்குரூக்களைப் பிரித்து வைக்க முட்டை அட்டை. கை சானிடைசர் வேண்டாம். அதில் கிளிசரின் இருக்கும், படலமாகத் தங்கிவிடும். தின்னரும் அசிட்டோனும் கட்டையின் பிளாஸ்டிக்கையே கரைக்கும். டபிள்யூடி-40 எண்ணெயை விட்டுச் செல்லும். அதை அடித்துவிட்டுக் கொண்டுவரும் கீபோர்டில் ஒரு கட்டைப் பழுது பத்துக் கட்டைப் பழுதாக மாறியிருக்கும்.

அடாப்டரைப் பிடுங்குங்கள், பேட்டரி இருந்தால் எடுங்கள். உள்ளேயே பவர் சப்ளை உள்ள சின்தசைசராக இருந்தால் வயரைக் கழற்றிச் சற்று நேரம் விட்டுவிடுங்கள். பவர் போர்டின் பக்கம் கையே போகக் கூடாது, அதன் கப்பாசிட்டர் வெகு நேரம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். மேசையில் இரண்டு தலையணையோ தடித்த போர்வையோ விரித்துக் கவிழ்த்து வையுங்கள். நாப்களும் பிட்ச் பெண்ட் வீலும் எடையைத் தாங்கக் கூடாது. அடித்தட்டின் ஸ்குரூக்கள் ஒரே நீளமாக இருக்காது. நீளமானதைக் குட்டை துளையில் முறுக்கினால் மேல் தட்டு பிளந்துவிடும். எடுத்த வரிசையிலேயே முட்டை அட்டையில் வையுங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுங்கள்.

ரிப்பன் கேபிள்தான் இந்த வேலையில் அதிகம் பேர் சறுக்கும் இடம். சில கனெக்டர்களில் இருபுறமும் ஒரு தாழ் இருக்கும். அதை நகத்தால் மெல்ல உயர்த்திய பிறகே கேபிள் வரும். தாழ் இல்லாதவற்றில் கேபிளை நேராக இழுக்க வேண்டும். பக்கவாட்டில் ஆட்டி இழுத்தால் முனையின் தடங்கள் உரிந்துவிடும்.

கீபெட் (கட்டைகளும் ரப்பரும் போர்டும் சேர்ந்த தொகுதி) வெளியே வந்ததும், போர்டு அடியிலிருந்தே கழறுமா என்று முதலில் பாருங்கள். பல மாடல்களில் ஸ்குரூ எடுத்தால் போர்டும் ரப்பரும் சேர்ந்து வந்துவிடும், கட்டைகளைத் தொடவே வேண்டாம். வராவிட்டால் அந்த ஸ்தாயியின் கட்டைகளைக் கழற்ற வேண்டும். வழக்கமாக முதலில் வெள்ளை, பிறகு கறுப்பு. கட்டைக்கு ஒரு ஸ்பிரிங் இருந்தால் கட்டை விடுபடும்போது அது துள்ளி ஓடும், ஒரு கையால் மூடிப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆஃப்டர்டச் (அமுக்கிய பிறகு மேலும் அழுத்துவதை உணரும் வசதி) உள்ள மாடலில் கட்டைகளுக்கு அடியில் மெல்லிய பட்டை ஒன்று நீளமாக ஓடும். அதை மடக்கிவிடாதீர்கள்.

ரப்பர் பட்டையின் அடியில் இருக்கும் சிறு முளைகள் போர்டின் துளைகளில் இறுக மாட்டியிருக்கும். பட்டையை இழுக்காமல் போர்டின் மறுபுறத்திலிருந்து ஒவ்வொரு முளையாகத் தள்ளி விடுவியுங்கள். இழுத்தால் முளை அறுந்து துளைக்குள்ளேயே தங்கிவிடும்.

போர்டின் கார்பன் தடத்தை ஆல்கஹால் லேசாக நனைத்த பட்ஸால் ஒரே திசையில் ஒருமுறை துடையுங்கள். பட்ஸில் கொஞ்சம் சாம்பல் நிறம் ஏறுவது இயல்பு. துடைக்கத் துடைக்கக் கறுப்பாகவே வந்தால் நிறுத்திவிடுங்கள். வருவது அழுக்கல்ல, தடமே கரைகிறது. பொட்டுகளையும் இதே மென்மையோடு ஒற்றி எடுங்கள். உப்புத்தாள், அழிரப்பர், நகம் எதுவும் அதன் மேல் படக் கூடாது. காபியோ குளிர்பானமோ சிந்தியிருந்தால் ரப்பர் பட்டையை மட்டும் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி விட்ட வெதுவெதுப்பான நீரில் அலசி, நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் ஒரு நாள் முழுதும் உலர்த்துங்கள். குமிழுக்குள் ஈரம் தங்கினால் நிற்காமல் ஒலிக்கும் கட்டை கிடைக்கும்.

திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு முளையும் முழுதாக இறங்க வேண்டும். முனை மழுங்கிய டூத்பிக், அல்லது முனை உள்ளே இழுக்கப்பட்ட பால்பாயிண்ட் பேனா இதற்குத் தோதானது. ஒரு முளை அரைகுறையாக நின்றாலும் அங்கே ரப்பர் மேடிட்டு நிற்கும். அந்தக் கட்டை சீக்கிரமே தொட்டுவிடும், ஒரு அடிக்கு இரண்டு முறை ஒலிக்கும், வெலாசிட்டி தாறுமாறாகும். "துடைத்த பிறகு பக்கத்துக் கட்டையும் கெட்டுவிட்டது" என்ற புகார்களில் பெரும்பகுதி இதுதான்.

முடிவைச் சொல்லும் சோதனை

துடைத்து அப்படியே மூடிவிட வேண்டாம். 61 கட்டை கீபோர்டில் ரப்பர் பெரும்பாலும் ஐந்து துண்டுகளாக இருக்கும்: நான்கில் 12 குமிழ், கடைசியில் 13. பழுதான கட்டை இருக்கும் துண்டையும், அதே அளவுள்ள, அதிகம் வாசிக்காத ஸ்தாயியின் துண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். கட்டைகளையும் கேபிளையும் தற்காலிகமாக மாட்டி, ஸ்குரூ போடாமலேயே ஆன் செய்து மிடி எண்களைப் பாருங்கள்.

பழுது துண்டோடு சேர்ந்து வேறு ஸ்தாயிக்குப் போய்விட்டால் குற்றவாளி ரப்பர். பழைய இடத்திலேயே நின்றால் போர்டு. இரண்டு இடத்திலும் சரியாக ஒலித்தால் அழுக்குதான் காரணம், துடைத்ததோடு தீர்ந்தது. புதிய ரப்பர் வாங்குவதா, சால்டரிங் இரும்பை எடுப்பதா என்று இதற்குப் பிறகு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இந்தப் பதினைந்து நிமிடத்தைச் சோம்பலால் விட்டவர்கள்தான் ரப்பர் வரவழைத்து மாட்டி, பழுது அப்படியே இருக்கக் கண்டு, மறுபடி திறக்கிறார்கள்.

ரப்பர் என்று தெரிந்துவிட்டால், புதியது வரும்வரை தேய்ந்த துண்டைக் கீழ் ஸ்தாயியிலேயே விட்டுவைக்கலாம். இடது ஓரம் அபூர்வமாக வாசிக்கும் இடம் என்றால் இந்த ஏற்பாடே மாதக்கணக்கில் தாங்கும். எல்லாவற்றிலும் மலிவான வழி இது, ஆனால் அதிகம் பேர் செய்வதில்லை.

மல்டிமீட்டர் இருந்தால், பொட்டின் மேல் இரு முனைகளையும் மெல்ல வைத்து ஓம் பாருங்கள். நல்ல பொட்டுக்கும் கெட்டதுக்கும் அளவை ஒப்பிட்டால் போதும். நல்லது சில நூறு ஓமுக்குள் நிற்கையில் கெட்டது பல ஆயிரம் காட்டினால் அந்தப் பொட்டின் கார்பன் தேய்ந்துவிட்டது. முனையை அழுத்திக் குத்த வேண்டாம்.

பூசுவது, ஒட்டுவது

தேய்ந்த பொட்டுக்கு உயிர் கொடுக்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. 6பி, 8பி பென்சில் கரியைத் தேய்ப்பது ஒன்று. உடனே ஒலிக்கும். சில நாளில் கரி உதிர்ந்து தடங்களின் பற்களுக்கு நடுவில் விழும். அதன்பின் கட்டை தானாகவே ஒலிக்க ஆரம்பிக்கலாம். அலுமினியத் தாளை வட்டமாக வெட்டி ஒட்டுவது இரண்டாவது. டிவி ரிமோட்டுக்கு அது சரி. ரிமோட்டில் தொட்டதா இல்லையா என்பது மட்டுமே கேள்வி. இங்கே எப்போது தொட்டது என்பதும் கேள்வி. இரண்டு பொட்டுகளுக்கும் உள்ள உயர வித்தியாசம் மிகச் சிறியது. அதில் தாளும் பசையும் சேர்ந்து ஒன்றை உயர்த்திவிட்டால் நேரக் கணக்கே மாறி, அந்தக் கட்டை மட்டும் பக்கத்துக் கட்டைகளோடு ஒத்துப்போகாமல் நிற்கும். தாளின் ஓரம் போர்டின் கார்பனையும் சுரண்டும். ஒட்டிக்கொள்ளும் ஆயத்தக் கார்பன் பொட்டுகளுக்கும் இதே குறை, அவை தாளைவிடத் தடிமன்.

மூன்றாவது, ரப்பர் பட்டன்களுக்கென்றே விற்கும் மின்கடத்திப் பூச்சு. இது ஒன்றுதான் ஒப்புக்கொள்ளத்தக்கது. பொட்டை ஆல்கஹாலால் துடைத்து உலர்த்தி, தீக்குச்சி முனையால் ஒரே ஒரு மெல்லிய பூச்சு கொடுத்து, டப்பாவில் எழுதிய நேரம் முழுதும் உலர விடுங்கள். ஒரு பொட்டுக்குப் பூசினால் அந்தக் கட்டையின் இரண்டு பொட்டுக்கும் பூசுங்கள், உயரம் சமமாக இருக்கும். சிலிகான் மேல் எதுவும் இறுக ஒட்டாது என்பதால் இதற்கும் ஆயுள் குறைவு.

எங்கள் கணிப்பில், புதிய ரப்பர் கிடைக்கும் மாடலுக்குப் பூசுவது நேர விரயம். உதிரிப் பாகமே கிடைக்காத பழைய கருவிக்கு அதுவே கைகொடுக்கும்.

புதிய ரப்பர்

இடம் மாற்றும் சோதனையில் ரப்பர் என்று உறுதியானால் நீடித்த தீர்வு இதுதான். வாங்கும்போது தவறு நேர்வது மாடல் பெயரை மட்டும் சொல்வதால். பல சின்தசைசர் நிறுவனங்கள் கீபெட்டைத் தாங்களே செய்வதில்லை. இத்தாலியின் ரெக்கனாட்டியில் இருக்கும் ஃபாட்டர் நிறுவனத்தின் கீபெட்டுகள் பல பிராண்டுகளுக்குள் இருக்கின்றன. டிபி/8, டிபி/9, டிபி/40, டிபி/100 என்று அவற்றின் பெயர் ஓடும். அப்படிப்பட்ட கருவிக்கு மேலே எழுதிய பிராண்டைவிடக் கீபெட்டின் பெயரைச் சொல்லித் தேடினால் சீக்கிரம் கிடைக்கும். யமஹா, ரோலண்டு, கார்க் போன்றவற்றுக்குச் சர்வீஸ் மேனுவலில் உள்ள பாக எண்ணையும், ரப்பரில் வார்ப்பிலேயே பதிந்திருக்கும் எண்ணையும் கொடுங்கள். குமிழ்களின் எண்ணிக்கை, முளைகளின் இடம், பொட்டுகளின் இடைவெளி, குமிழின் உயரம் ஆகிய நான்கும் பொருந்த வேண்டும். மூன்று பொருந்தி உயரம் மட்டும் மாறினால் மாட்டிவிடலாம், வாசிக்க முடியாது.

ஒரு துண்டா, ஐந்துமா? அரேஞ்சர் கீபோர்டில் ஒரு துண்டு போதும். பியானோ நுணுக்கமாக வாசிப்பவர்களுக்கு அது போதாது. புதிய ரப்பர் விறைப்பாக இருக்கும், பழையது தளர்ந்திருக்கும். நடு ஸ்தாயி மட்டும் விரலுக்கு வேறாகத் தெரியும். கருவி பத்து ஆண்டைத் தாண்டியிருந்து, தினமும் வாசிப்பதாக இருந்தால் ஐந்தையும் மாற்றிவிடுவதே சிக்கனம். இல்லாவிட்டால் அடுத்த துண்டு தேயும்போது மறுபடி அதே அரை நாள்.

பழுது இடம் மாறாமல் நின்றால்

இனி பார்க்க வேண்டியது போர்டு. ரிப்பன் கேபிளைக் கழற்றிய நிலையில், அந்தக் கட்டையின் டயோடுகளை மல்டிமீட்டரின் டயோடு நிலையில் வைத்துச் சோதியுங்கள். ஒரு திசையில் ஏறத்தாழ 0.5 முதல் 0.7 வோல்ட் காட்ட வேண்டும், எதிர்த்திசையில் ஒன்றும் காட்டக் கூடாது. பக்கத்துக் கட்டையின் டயோடோடு ஒப்பிடுவது இன்னும் நல்லது. கெட்டிருந்தால் பெரும்பாலும் 1என்4148 அல்லது அதே வகை மேற்பரப்பு டயோடு பொருந்தும். சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பொருள். கோடு போட்ட முனை எந்தப் பக்கம் இருந்தது என்று கழற்றும் முன்னே குறித்துக்கொள்ளுங்கள். டயோடு நன்றாக இருந்தால், சால்டர் வெடிப்பையும், ஈரம் பட்டுப் பச்சை பூத்த செம்புத் தடத்தையும் தேடுங்கள்.

கார்பன் தடமே தேய்ந்து, பற்கள் மங்கி, நடுவில் வெறும் போர்டு தெரிந்தால் நிலைமை வேறு. கார்பன் மேல் சால்டர் பிடிக்காது. மின்கடத்திப் பூச்சால் பல் பல்லாக வரைந்து காப்பாற்றுவோர் உண்டு. ஒரு கட்டைக்குச் செய்யலாம், ஏழெட்டுக் கட்டைக்கு அது வேலைக்காகாது. அந்த நிலையில்தான் கீபெட்டையோ அதன் போர்டையோ மாற்றும் யோசனை நியாயமாகிறது. புதிது தேடுவதைவிட, மெயின் போர்டு செத்த அதே மாடல் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்குவது மேல். ரப்பர், கட்டை, ஸ்பிரிங், கேபிள் எல்லாம் அதிலேயே கிடைக்கும்.

ரோலண்டு ஜேடி-800 (1991), எக்ஸ்பி-80 (1996) போன்றவற்றை வைத்திருப்பவர்கள் ரப்பருக்குச் செலவழிக்கும் முன் கட்டைகளின் அடியைப் பாருங்கள். எடைக் கட்டிகளை ஒட்டியிருந்த சிவப்புப் பசை காலப்போக்கில் இளகி வழிவது இவற்றில் அறியப்பட்ட பழுது. அந்தப் பசை ரப்பரின் மேலும் போர்டின் மேலும் சொட்டியிருக்கும். பசையை நீக்கி எடையை மறுபடி ஒட்டாமல் புதிய ரப்பர் போட்டால் அதுவும் சில மாதத்தில் ஒட்டிப்போகும். மினிமூக் (1970) காலத்துக் கருவிகளில் ரப்பரே கிடையாது. அங்கே மெல்லிய ஸ்பிரிங் கம்பி உலோகத் தண்டைத் தொடுகிறது. இரண்டையும் ஆல்கஹாலால் துடைத்தால் போதும். உப்புத்தாள் பட்டால் மேல்பூச்சு போய்விடும்.

ரப்பருக்கும் போர்டுக்கும் சம்பந்தமே இல்லாத பழுதும் உண்டு: கட்டையின் பின்புறக் கீல் விரிசல் விட்டது, ஸ்பிரிங் அறுந்தது, இடுக்கில் காசு விழுந்தது. கட்டை உடைந்திருந்தால் அதே எழுத்துக் கட்டைதான் வேண்டும். டி-க்கு டி, ஜி-க்கு ஜி. வெட்டு வடிவம் ஒவ்வொன்றுக்கும் வேறு. இடது ஓரத்து டி-யைக் கழற்றி நடுவில் போட்டு, உடைந்ததை ஓரத்துக்கு அனுப்பலாம்.

சர்வீஸுக்குக் கொடுப்பதா

சாய்ந்து விழுந்த திரவம் மெயின் போர்டு வரை போயிருந்தால், உள்ளே 230 வோல்ட் பவர் சப்ளை இருந்து உங்களுக்கு அதில் பழக்கம் இல்லையென்றால், அல்லது வாரண்டி இன்னும் இருந்தால், கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது "ஒரு கட்டை வேலை செய்யவில்லை" என்று சொல்லி நிறுத்தாமல், மிடி எண்கள் எழுதிய காகிதத்தையும் கொடுங்கள். ரப்பரை மாற்றினார்களா, துடைத்தார்களா என்று கேட்டு, மாற்றியிருந்தால் பழைய துண்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அதில் பதினொரு நல்ல குமிழ்கள் மிச்சமிருக்கும்.

நீங்களே செய்தால், அடித்தட்டை மூடும் முன் கேபிளை மாட்டி, 36 முதல் 96 வரை எல்லாக் கட்டைகளையும் மெல்ல ஒருமுறை, பலமாக ஒருமுறை வாசித்து எண்களைப் பாருங்கள். புதிதாக ஒன்று தடுமாறினால் அதன் இருபக்க முளைகளையும் பேனா முனையால் மறுபடி அழுத்துங்கள். எல்லாம் சரியாக வந்த பிறகு ஸ்குரூவை முதலில் எதிர்த் திசையில் மெல்லத் திருப்பி, பழைய மரையில் 'டக்' என்று விழுந்ததும் முறுக்குங்கள். கை இறுக்கம் போதும், பிளாஸ்டிக் மரை அதற்கு மேல் தாங்காது.